மீதிப் பதினொரு பேர்

“ஃபைனல்ல தோத்துட்டீங்களாமே?” போனை வைத்ததுமே தலைமையாசிரியை பாய்ந்தார்.

“ஆமா மேடம். ரெண்டுக்கு ஒண்ணு,” என்றார் கால்பந்துப் பயிற்சியாளர்.

“தோக்காம என்ன செய்யும்? பதினொரு பேர் போதும்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேனே! பெஞ்சுல உக்கார்றதுங்களுக்கும் தினம் பயிற்சியாம். இனி அதுங்க மைதானத்துப் பக்கமே வரக்கூடாது.”

“வருவாங்க மேடம். நான் இருக்கறவரைக்கும் வருவாங்க.”

“திமிரா? சரி, நம்மள ஜெயிச்சது எந்த ஸ்கூல்?”

பயிற்சியாளர் கதவைத் திறந்தார். வெளுத்த பழைய சட்டைகளில் பதினொரு சிறுமிகள் கோப்பையோடு நின்றார்கள்.

“நம்ம ஸ்கூல்தான் மேடம். பெஞ்சுல உக்காந்தே வீணாப் போயிடக் கூடாதுன்னு, இவங்களை ‘பி’ டீம்னு தனியாப் பேர் கொடுத்து இறக்கினேன். கோப்பையை உங்க மேஜையில வைக்கட்டுமா, இல்ல பெஞ்சுலயா?”