சிவப்பு டேங்க்

மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் படகின் சிவப்புப் பெட்ரோல் டேங்கைத் தூக்கிய யுகேந்திரன், பின்பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தான்.

கனமே இல்லை.

மூன்று மாதத் தீர்த்தம் உள்ளே கிடக்க வேண்டும். பன்னிரண்டு வெள்ளிக்கிழமை! இன்றைக்காவது அதைக் கொட்டிவிட்டுப் புறப்படலாம் என்றுதான், விடிந்ததும் வீட்டோரம் டிரெய்லரில் நின்ற படகில் ஏறியிருந்தான்.

கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவன் அவன். ஆறு நாள் அந்த இரைச்சலில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோலா செபெத்தாங் ஆற்றில் படகை இறக்கினால்தான் அவனுக்கு உயிரே வரும். மீன் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

அவன் மனைவி சரளாவுக்கு அந்த ஒரு நாள் முழுக்கப் பயம்தான். ஆனாலும் போகாதீர்கள் என்று புருஷனைத் தடுத்ததே இல்லை. அப்படி ஒரு மனுஷி.

ஆறு மாதத்துக்கு முன்னால் படகின் இன்ஜின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பெட்ரோலில் தண்ணீர்.

"இப்ப எத்தனால் கலக்குறானுங்க லா, அதான் தண்ணிய இழுக்குது," என்றான் கூட வேலை செய்யும் ஜெயபாலன். அவனுக்குத் தெரியாதது உலகத்தில் உண்டா!

யுகேந்திரன் தலைகீழாக நின்று பார்த்தான். டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே வியர்த்து நீர் கோக்குமென்று, கரையேறியதும் நிரப்பி வைத்தான். மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினான். தண்ணீரைப் பிரித்தெடுக்கும் ஃபில்டர் ஒன்றை வாங்கிப் பூட்டினான். ம்ஹூம். மறுவாரமே ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

பிறகு ஒரு ஞாயிறு, ஆறு கடலில் சேருமிடத்தில் இன்ஜின் அடியோடு நின்றுபோனது. நீரோட்டம் அவனைக் கடலுக்குள் இழுத்தது. நாலு மணி நேரம். கடைசியில் ஒரு சீனக் கிழவர் கயிறு போட்டு இழுத்துவந்தார். வீட்டுக்கு வந்தால், சரளா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் டேங்கின் அடியில் கிடந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றித் தெளியவிட்டான். பெட்ரோல் மேலே நின்றது, தண்ணீர் கீழே இறங்கியது. அந்தத் தண்ணீரில் மஞ்சள் தூளும் ஒரு வேப்பிலையும் கிடந்தன.

அடிப்பாவி!

பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிதோறும் போகிறவள் அவள். ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது, கோயில் மட்டும் இருக்கிறது. புருஷன் பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்று அங்கிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை டேங்கிலேயே ஊற்றியிருக்கிறாள். இன்ஜின் மக்கர் பண்ணப் பண்ண அவளுக்குப் பயம் கூடி, ஒரு மூடி ஊற்றியவள் அரைப் பாட்டில் ஊற்றியிருக்கிறாள்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வாசலில் உட்கார்ந்திருந்த அவள் முகம் நினைவுக்கு வந்தது.

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான். அந்த நாலு மணி நேரமும் தன் கையால் வந்த வினை என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். பாட்டிலைத் துணி துவைக்கும் இடத்தில் ஓரமாக வைத்தான். கொட்ட வந்து பார்த்தபோது காணவில்லை. குப்பையோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டான்.

புது டேங்க் ஒன்று வாங்கி, முன் பலகைக்கு அடியில் தள்ளிக் கித்தான் போட்டு மூடினான். இன்ஜினுக்குப் போகும் குழாயையும் கண்ணில் படாமல் கொண்டுபோனான். சிவப்பு டேங்கைக் காயவைத்துப் பழைய இடத்திலேயே சும்மா விட்டுவைத்தான். ஊற்றட்டும், அவள் மனம் ஆற ஊற்றட்டும்.

அதற்குப் பிறகு இன்ஜின் ஒரு நாள்கூட இருமவில்லை. சரளாவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் தீர்த்தப் பாட்டிலோடு படகுப் பக்கம் போய்வந்தாள். அவன் டிவி பார்ப்பதுபோல உட்கார்ந்திருப்பான்.

இப்போது மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தான். சொட்டு ஈரமில்லை.

ஊற்றுவதையே விட்டுவிட்டாளா? ஒரு நிமிடம் யாருமற்றவன்போல் ஆகிவிட்டான்.

அடுத்த நிமிடம் வேறு பயம் வந்தது. புது டேங்கைக் கண்டுபிடித்து அதில் ஊற்றுகிறாளோ? அவசரமாக ஃபில்டர் கிண்ணத்தைப் பார்த்தான். பளிச்சென்று இருந்தது.

கித்தானை விலக்கிப் புது டேங்கை வெளியே இழுத்தான். மேலே மூடியைத் திறந்து நிரப்புகிறவன் பார்க்கவே முடியாத பின்பக்கத்தில், மூன்று கோடு திருநீறு. பக்கத்தில் உதிர்ந்துபோன பழைய கோடுகளின் சுவடு. சாமி படத்துக்கெல்லாம் தண்ணீரில் குழைத்துப் பூசுகிறவள், இதில் ஒரு சொட்டுகூடத் தண்ணீர் சேர்க்காமல் வெறும் பொடியாகவே பூசியிருந்தாள்.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். டிரெய்லர் சக்கரத்தோரம் கறிவேப்பிலைச் செடி இடுப்பளவு தளிர்த்து நின்றது. அதன் அடிமண்ணில் மஞ்சள் படிந்திருந்தது. வேப்பிலைச் சருகுகளும் கிடந்தன. அன்று காணாமல்போன கண்ணாடிப் பாட்டில் அவன் நினைவுக்கு வந்தது.

சோற்றுப் பொட்டலத்தோடு சரளா வெளியே வந்தாள். அவன் கையில் இருந்த டேங்கைப் பார்த்தாள். உடனே வானத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, மழை வரும்போல இருக்கு. மூடிய நல்லா இறுக்கிப் பூட்டுங்க, தண்ணி எறங்கினா இன்ஜினுக்கு ஆவாது."

"சரி சரளா," என்றான்.

திருநீற்றில் கை படாமல் புது டேங்கை உள்ளே தள்ளிக் கித்தானைப் போட்டான். பிறகு காலி டேங்கைத் தூக்கி, எப்போதும் இருக்கும் இடத்திலேயே வைத்தான்.