உயிரோடு ஒரு படம்

லூர்து விடியற்காலையிலிருந்து எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் குப்புறக் கிடந்தான். தலைக்கு மேல் கறுப்புத் துணி, முதுகில் ஒரு கொக்கு. மூச்சைக்கூடப் பாதிப் பாதியாகத்தான் விட்டான்.

துணிக்கு வெளியே அவனுடைய பெட்டிக் கேமரா எட்டிப் பார்த்தது. அதற்கு நேரே நாற்பதடி தள்ளிப் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. பத்தடிக்குள் வந்தால்தான் அந்தக் கேமராவில் நாரை நாரையாக விழும். இல்லாவிட்டால் கொசு.

இத்தனை பாடும் ஐரீனுக்காக. அவர்கள் கோயில் தெருவில் யார் இறந்தாலும் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் படமெடுக்க அம்புரோஸ் என்ற வாலிபனைக் கூப்பிடுவார்கள். சாவு வீட்டுக்கு லூர்துவை. பதினோரு வருடமாக இதில் மாற்றமே இல்லை.

பெண் கேட்டுப் போனவனை ஐரீனின் அப்பா சவரிநாதன் வாசலிலேயே நிறுத்தினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், குரலும் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

"தம்பி, நீ யாருக்கோசரம் படம் புட்ச்சியோ அவங்கள்ல ஒர்த்தனாச்சும் இப்ப உசுரோட கீறானா?"

லூர்து யோசித்துப் பார்த்தான். ஒருவர்கூட இல்லை.

"அவுங்கல்லாம் மின்னாடியே செத்தவங்க மாமா."

"அத்த வுடு. கை ராசின்னு ஒண்ணு கீதுல்ல? உன்து சாவு கையி. அந்தக் கையில என் பொண்ண எப்டி புட்ச்சிக் குடுக்கறது?"

லூர்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சரி, நடுவுல பொணம் இல்லாம, உசுரோட கீற ஒண்ணே ஒண்ண படம் புடி. புட்ச்சப்பறமும் அது உசுரோட கீணும். கல்யாணம் காச்சி இல்லாத தவக்காலம் பொறக்கறதுக்குள்ள கொணாந்தியானா பொண்ணத் தரேன்."

சாவு இல்லாத நாளில் அவன் கேமரா முன்னால் நிற்க மனிதர்கள் யாரும் ஒப்பவில்லை. ஆடு வைத்திருந்த சொக்கம்மாள்கூட அவனைக் கண்டதும் ஆட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கேட்க ஆள் இல்லாத உயிர் என்று மிச்சமிருந்தது பறவைகள்தான்.

மூன்று ஞாயிறு வீணாயிற்று. நடந்து போனால் பறந்தன, ஊர்ந்து போனாலும் பறந்தன. ஒருநாள் மிகக் கிட்டத்தில் போயும், பழக்கதோஷத்தில் "எல்லாரும் ஒட்டி நில்லுங்க" என்று சொல்லித் தொலைத்தான்.

அப்புறம்தான் புத்தி வந்தது. நாம் போகக் கூடாது, பிணம் போலக் கிடந்தால் அவையே வரும். பிணம் எப்படிக் கிடக்கும் என்று அவனுக்கா தெரியாது?

நாளை தவக்காலம் தொடங்குகிறது. கேமராவில் ஒரே ஒரு படத்துக்குத்தான் பிலிம் இருந்தது.

முழங்கால் தண்ணீரில் குனிந்து, பறிக்கூடையை வாயில் கவ்வியபடி, கையால் இறால் தடவிக்கொண்டு மலர்க்கொடி வந்தாள். தினமும் வருகிறவள் என்பதால் நாரைகள் அவளைச் சட்டை செய்யவில்லை. குப்புறக் கிடந்தவனையும் அந்தக் கறுப்புத் துணியையும் கண்டதும் பறி வாயிலிருந்து நழுவியது.

"அய்யே, நம்ம போட்டோகார லூர்து! யோவ், இன்னாயா ஆச்சி?"

நாரைகள் முப்பதடிக்கு வந்திருந்தன. லூர்து வாயைத் திறக்கவில்லை.

"யோவ், உன்னத்தான். வெள்ளாடுறியா?" காலால் அவன் விலாவை நெம்பினாள். "சில்லுனு கீதே! கொக்கு வேற குந்திக்கினு கீது. அட பாவி, பொண்ணு தரலன்னா இப்டியா பண்ணிக்குவ?"

லூர்து மூச்சை முழுதாக அடக்கினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கரையேறிப் போனாள். ஒருவழியாகத் தொலைந்தாள் என்று அவனுக்கு நிம்மதி.

இருபத்தைந்தடி. இருபதடி.

கோயிலில் துக்கமணி அடித்தது. யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது. 'எவன் செத்தாலும் சரி, இன்னிக்கி நான் வர மாட்டேன்' என்று லூர்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் கரைப் பக்கமிருந்து ஜெபம் சொல்லும் முணுமுணுப்பு வந்தது. சவ ஊர்வலம் தாண்டிப் போகிறதாக்கும் என்று நினைத்தான்.

பதினைந்தடி. பத்து. ஒரு பூநாரை ஒற்றைக் காலைத் தூக்கி, கழுத்தை வளைத்து, கேமராவையே உற்றுப் பார்த்தது.

லூர்து அழுத்தினான். அதே நொடியில் அவன் முதுகுப் பக்கம் பளீரென்று ஒரு வெளிச்சம் அடித்தது. நாரைகள் அத்தனையும் ஒன்றுவிடாமல் எழும்பிப் பறந்தன.

"மாமா! எட்த்துட்டேன்! எல்லாம் உசுரோட கீது!" என்று கத்திக்கொண்டு சேற்றிலிருந்து எழுந்தான்.

கரையில் பாதி ஊர் நின்றது. சிலுவை, மெழுகுவத்தி, புதுச் சவப்பெட்டி, அழுது முகம் வீங்கிய ஐரீன். படகு கொண்டுவந்து தூக்குவதற்குள் கடல் ஏற்றம் வந்து பிணத்தை இழுத்துப் போய்விடும் என்று பயந்து, கடைசிப் படத்தை அங்கேயே எடுக்கச் சொல்லியிருந்தார் சவரிநாதன். அதுவரை ஒரு சாவைக்கூடப் படம் பிடிக்காத அம்புரோஸ், வேறு ஆள் இல்லாததால் பளிச்சென்று அடிக்கும் பல்புக் கேமராவோடு முன்னால் நின்றான்.

சேறு சொட்ட எழுந்து நின்றவனைக் கண்டு கூட்டம் சிலுவை அடையாளம் போட்டபடி சிதறியது. சவரிநாதன் மட்டும் அசையவில்லை. லூர்துவைப் பார்த்தார். அம்புரோஸின் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

லூர்துவும் சிரித்தபடி கைகளை விரித்தான். அவர் போய்க் கட்டிக்கொண்டது அம்புரோஸை.

"ஒரே படத்துல செத்தவனையே எயுப்பி வுட்டியே, இன்னா கை ராசிடா உன்து! ஐரீன் உனுக்குத்தான் மாப்ளே!"