நடு சீட்டு

இருளப்பனை ஏற்றப்போகிறார்கள் என்றதும் அவள் போலீஸ் வண்டியின் நடு சீட்டில் நகர்ந்து இடம் விட்டாள்.

விட்டிருக்க வேண்டியதில்லை. ஏட்டு அவனைப் பின்பக்கம் தள்ளி, தானும் ஏறிக் கதவைச் சாத்தினார்.

அவளிடம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் தேன்மலரின் அப்பா அவன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். போன வாரம் இதே எஸ்.ஐ. மேல் கலெக்டரிடம் மனு கொடுத்திருந்தான். ஊருக்கே தெரியும்.

சும்மா விசாரணைக்குத்தான் என்று முன் சீட்டிலிருந்து எஸ்.ஐ. அவளுக்கு விளக்கம் சொன்னார். அவள் எதுவும் கேட்டிருக்கவே இல்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை, பொதுமக்களில் ஒருவர் போலீஸ் ரோந்து வண்டியில் கூடப் போகலாமாம். பள்ளிக்கூடத்துக்கு அறிவிப்பு வந்தபோது வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. அவள் கொடுத்தாள். பச்சைக் கோட்டு மாட்டிவிட்டார்கள். டீ வாங்கித் தந்தார்கள். காலை முழுக்க ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்திப் புத்தி சொன்னாள். உள்ளூரப் பெருமைதான். அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் ஏட்டு அவனுடைய செல்போனை வாங்கி அணைத்தார்.

பஜார் தாண்டியது.

புதூர் விலக்கில் வண்டி நின்றது.

வலது பக்கம் போனால் ஸ்டேஷன். இடது பக்கம் பழைய கல்குவாரி. அதற்கு அப்புறம் ரோடு கிடையாது.

மணி மூன்றேகால். வெயிலுக்கு ஒரு ஈ காக்கை இல்லை.

எஸ்.ஐ. தானே இறங்கி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். ரொம்ப உதவி டீச்சர், இங்கே இறங்கிக்கொண்டால் உடனே பஸ் கிடைக்கும் என்றார். அப்படி ஒரு மரியாதை.

ரோந்து ஆறு மணி வரைக்கும் என்றுதான் காலையில் சொல்லியிருந்தார்கள்.

அவள் பையை எடுத்தாள். ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், எறங்காதீங்க."

இருளப்பன்தான். கெஞ்சலாகக்கூட இல்லை. பெற்றோர் கூட்டத்தில் பேசுகிற அதே அடங்கின குரல்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியில் ஏற்றியதிலிருந்து அவன் மேல் ஒரு அடி விழவில்லை. அவள் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான் காரணம்.

பயமாக இருந்தது. வீட்டில் சின்னவனுக்குக் காய்ச்சல் வேறு. இறங்கிப் போனால் அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை.

பஸ் வருகிற சத்தம் கேட்டது.

வந்தது. நின்றது. போயும் விட்டது.

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஸ்டேஷன் வரைக்கும் நானும் வருகிறேன் என்றாள்.

எஸ்.ஐ. கோபப்படவில்லை. கதவைச் சாத்தினார். முன்னால் ஏறி உட்கார்ந்து, வயர்லெஸ் மைக்கைக் கையில் எடுத்தார்.

"கன்ட்ரோல், கூட வந்த டீச்சரம்மாவப் புதூர் விலக்குல எறக்கி விட்டாச்சு. நேரம் மூணு இருபது."

டிரைவர் கண்ணாடியில் ஒரு முறை அவளைப் பார்த்தார்.

வண்டி இடது பக்கம் திரும்பியது.