சின்ன மேசை

அவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

போன் திரையில் சீட்டு மேசையைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் காலியாக இருந்தது. இப்போது அதில் துரைசிங்கம் என்ற பெயர். அவள் கழுத்தில் தாலி கட்டியவன் இந்த விளையாட்டுக்காக வைத்துக்கொண்ட பெயர்.

மனைவியை விட்டவன் பெயரை விடவில்லை.

எதிர்ப்பக்கம் அவள் இருந்தாள். அங்கே அவள் பெயர் வேலப்பன். படத்துக்கு ஒரு காளை மாட்டை வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பெண்கள் விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ரோஸ்லின் ஈரத் தலையைத் துவட்டியபடி அவள் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்ன மேசை, நடு மேசை, பெரிய மேசை. கையிருப்பைப் பார்த்து மேசையைப் பிடிக்க வேண்டும், கொழுப்பைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது என்று அவன் ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பான். ஊருக்கு மட்டும்தான்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் சின்ன மேசைக்கு வருவான். சும்மா பொழுதுபோக்கு என்பான். அங்கே ஜெயித்துவிட்டால் தலைகால் புரியாது. பெரிய மேசைக்கு ஏறுவான். அங்கே உட்கார்ந்தால் எல்லாவற்றையும் தோற்றுவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

சின்ன மேசையிலேயே தோற்றால் மட்டும் வெட்கம் வரும். சில்லறைப் பசங்களிடம் தோற்றோமே என்று செயலியை அழித்துவிடுவான். கொஞ்ச நாள் மனிதனாக இருப்பான்.

அவன் சின்ன மேசையில் ஆடும்போதெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கடவுளே, இவன் இங்கேயே தோற்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள்.

அவன் திரும்பிப் பார்ப்பான். பின்னாடி நிற்காதே, உன் ராசி சரியில்லை என்பான்.

வளையல் போயிற்று. சங்கிலி போயிற்று. புது வீட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த அட்வான்ஸ் போயிற்று.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள்.

உறவெல்லாம் கூடியிருந்தபோது, எல்லாவற்றையும் இவள் தன் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று கூசாமல் சொன்னான். அவன் அண்ணன் நம்பினார். திருடி என்றார். வாசலைக் காட்டினார்.

அந்தச் சொல் இன்னும் ஊரில்தான் இருக்கிறது. அவள் தம்பிக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள்.

அந்த அண்ணன்தான் இப்போது தன் பெயிண்ட் கடை வரவையெல்லாம் இவன் போனுக்கே வரும்படி செய்திருக்கிறார். வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் கேட்டு வாங்கி வங்கியில் கட்டுகிறாராம். ஊரிலிருந்து வந்த சித்தி பேச்சுவாக்கில் சொன்னாள்.

அன்றைக்கே அவள் இந்தச் செயலியை இறக்கினாள்.

சீட்டென்றாலே அவளுக்குக் குமட்டும். இருந்தும் படித்தாள். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்துத்தான் படித்தாள். எல்லோரும் தங்கள் காசைப் பார்த்து மேசை பிடிப்பார்கள். அவள் அவன் புத்தியைப் பார்த்துப் பிடித்தாள். ஞாயிறு தவறாமல் சின்ன மேசையில் காத்திருந்தாள்.

சீட்டு விழுந்தது.

அவள் கையில் இரண்டு ஜாக்கி. நடுவில் விரித்த சீட்டுகளில் இன்னொரு ஜாக்கி. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொண்டார்கள்.

அவன் முறை.

யோசிக்கக் கொடுத்த நேரத்தை முழுவதும் எடுத்துக்கொண்டான். நல்ல சீட்டு வந்தால் அவனுக்குப் பொறுக்காது, உடனே அமுக்குவான். கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் இப்படி இழுப்பான். அன்று உறவுக்காரர்கள் முன்னால் வாயைத் திறப்பதற்கு முன்பும் இப்படித்தான் இழுத்தான்.

நேரம் முடியப் போகையில், மேசைக்குக் கொண்டுவந்த காசு முழுவதையும் நடுவில் தள்ளினான்.

அவள் சரி என்று அமுக்கினால் போதும். தோற்பான். வெட்கப்படுவான். செயலியை அழிப்பான். கடைப் பணம் பிழைக்கும். அவனும் பிழைப்பான்.

விரல் திரைக்கு மேலேயே நின்றது.

அவனுடைய அண்ணி நினைவுக்கு வந்தாள். அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போனவள். அவளுக்கும் சோறு போடுவது அந்தக் கடைதான்.

பிறகு தம்பியின் முகம் வந்தது.

சீட்டைக் கவிழ்த்தாள்.

குவிந்திருந்த காசெல்லாம் சறுக்கிக்கொண்டு அவன் பக்கம் போனது.

"ஏன்க்கா விட்டீங்க? மூணு ஜாக்கி வச்சிருந்தீங்களே," என்றாள் ரோஸ்லின்.

திரையின் ஓரத்தில் துரைசிங்கம் எழுதிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் உங்க ராசி ப்ரோ. நீங்க உக்காந்த நேரம் எனக்கு அடிக்குது. பெரிய டேபிளுக்குப் போறேன், நீங்களும் வாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஜெயித்த காசு பெரிய மேசைக்குப் போதாது. மீதியை எங்கிருந்து எடுப்பான் என்று அவளுக்குத் தெரியும். நாளை திங்கட்கிழமை.

நிதானமாக எழுத்துகளைத் தேடித் தேடி அமுக்கினாள்.

"நீங்க போய் உக்காருங்க ப்ரோ. நான் பின்னாடி நிக்கிறேன்."