கண்ணில் படாதது

வேலூர்க் கல்லூரி ஒன்றின் நிலவறையில், பேராசிரியர் நத்தானியேல் ஒரு சிலிக்கான் சில்லை வருடக்கணக்காகக் காவல் காத்துவந்தார். பிரபஞ்சமெங்கும் நிறைந்தும் கண்ணில் படாத கரும்பொருள் அதில் மோதினால், திரையில் கோடு துள்ள வேண்டும். ஒரு நாளும் துள்ளியதில்லை.

இன்று, மனைவி பெர்சிஸ் சாப்பாட்டுக் கேரியரோடு நுழைந்ததும் துள்ளியது.

"கெடச்சிடுச்சு, பெர்சி!"

அவர் போட்ட சத்தத்தில் அவள் மிரண்டு வாசலுக்கே போனாள். கோடு அடங்கியது. திரும்பி வந்தாள், மறுபடி துள்ளியது.

அவர் முகம் சுருங்கியது. "கேரியர்ல இன்னா இருக்கு?"

"கேரியர்ல இல்லீங்க. காலைல ஆஸ்பத்திரில கதிரியக்க ஊசி போட்டாங்க. மத்தியானம்தான் ஸ்கேன். நடுவுல உங்களுக்குச் சோறு குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"எதுக்கு ஸ்கேன்?"

"மார்ல இருக்குற கட்டி எலும்புக்கும் பரவிடுச்சான்னு பாக்க."

"எந்தக் கட்டி?"

"கிறிஸ்மஸ் அன்னிக்கே சொன்னேனே. நீங்க கம்ப்யூட்டரையே பாத்துனு இருந்தீங்க."