போண்டாவைப் போலவே

வீட்டு நாய் போண்டாவின் பின்னங்கால் எலும்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன மறுநாளே, ராஜாமணி ஓர் இயந்திர நாயை வாங்கி வந்துவிட்டார். கூடவே இருந்து பார்த்துப் பார்த்து அது அப்படியே போண்டாவாக மாறிவிடுமாம். அவர் மனைவி கோமதிக்கு இஷ்டமில்லை; ஆனாலும் தடுக்கவில்லை.

அது மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தது. இட்லிக்குள் மாத்திரையை ஒளித்துவைத்துக் கோமதி ஊட்டியதை, போண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டதை, காலை இழுத்து இழுத்து வாசல்வரை போனதை, வலி தாங்காமல் முனகியதை.

மழை பெய்த ஒரு காலையில் போண்டா அவள் மடியிலேயே அடங்கிவிட்டது. புதைத்துவிட்டு வந்த ராஜாமணி, மூலையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"போண்டா, வாடா!"

இயந்திரம் எழுந்தது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் படுத்து முனகியது. அதே முனகல்.

"அவன் ஓடியாடி விளையாடினத இது பாக்கவே இல்லையேங்க!" என்றாள் கோமதி.

அவர் கம்பெனிக்குப் போன் போட்டார். கற்றுக்கொண்டதை மாற்ற முடியாதாம்.

"ஆனா கவலையே படாதீங்க சார். இருபது வருஷத்துக்கு அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அணைச்சிடலாம் கோமு," என்று அவர் அதன் கழுத்துக்கடியில் கைவிட்டுப் பொத்தானைத் தேடினார். அது அவர் புறங்கையை நக்கியது. கையை எடுத்துக்கொண்டார்.

கோமதி அடுப்படிக்குப் போனாள். ஓர் இட்லியை எடுத்துவந்து, பிட்டு, அதன் வாயருகே நீட்டினாள்.

அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.