ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்

"இந்த மாடல்ல ஆயில் தானா மேல ஏறாது சார். வால்வை அசைக்கற ராக்கருக்கு நாமதான் மூடியைத் திறந்து எண்ணெய் விடணும். ஞாயித்துக்கிழமை தவறாம நானே விடறேன். ஒருத்தரையும் தொட விடமாட்டேன்!"

மைசூரு பழைய பைக் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நிற்கும் கேசவமூர்த்தி, வாசலில் நின்று முழங்கினார். எஞ்சினை ஒழுங்காக வைத்திருப்பவருக்கே பதவி என்பது சங்கத்தின் விதி. அதைச் சோதிக்க வந்திருந்த கன்னடக்காரர் ரவிக்குமார், பளபளத்த பைக்கின் அருகே குனிந்தார்.

"ஒந்து நிமிஷம் மூடியைத் திறந்து பார்த்துடலாமா சார்?"

கேசவமூர்த்தி அவசரமாகத் துணியால் டேங்கைத் துடைத்தார். அவர் துடைப்பதெல்லாம் வெளிப்புறத்தைத்தான். வண்டியைக் கிளப்பி, உள்ளே எண்ணெய் காட்டி வருஷக்கணக்காகிறது.

காபியோடு வந்த மனைவி கோதா பதறினாள். "ஐயோ, திறக்காதீங்கோ சார்! உள்ள தூசி போயிடும். இவர் உயிரையே அதுலதான் வெச்சிருக்கார்!"

ஆபத்தில் எப்படிக் கைகொடுக்கிறாள் என்று கேசவமூர்த்தி உருகிப்போனார்.

"ரூல்ஸ்மா," என்றபடி ரவிக்குமார் திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கினார்.

காய்ந்துபோன ராக்கரின் மேல், சின்னப் பிளாஸ்டிக் பையில், கோதாவின் ரெட்டை வடத் தங்கச் சங்கிலி மின்னியது.

கேசவமூர்த்தி பையை எடுத்துப் பார்த்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

"உங்க தங்கை பொண்ணு கல்யாணத்துக்குக் குடுக்கணும்னு பீரோ பீரோவாக் குடைஞ்சேளே, அன்னிக்கு வெச்சேன்," என்றாள் கோதா, தரையைப் பார்த்தபடி. "இந்த ஆத்துல உங்க கை படாத இடம் வேற ஏதுண்ணா இருக்கு?"